‘காட்டன்’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றே ஆக வேண்டும். ‘காட்டன்’ என்று விளம்பரம் செய்திருந்ததை நம்பி, ஆன்லைனில் ஆறு ஜட்டிகள் கொண்ட பாக்கெட் வாங்கினேன். இரண்டு வாரமாகத் தொடையிடுக்கில் அரிப்பு. இலாஸ்டிக் பதியும் இடமெல்லாம் சிவந்துவிட்டது. கேட்டால், உள்ளாடையைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறார்கள். துணிதான் காரணமா?
– வாசகி, கோவை

பதில்: துணியும் காரணமாக இருக்கலாம், அளவும் காரணமாக இருக்கலாம். அணிந்த ஒன்றின் தையலோரத்தில், தைத்த நூலை விட்டுவிட்டு, துணியிலிருந்தே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும்; சாம்பல் விரலில் பொடியாகும். உருகிச் சுருண்டு கடினமான மணிபோல் நின்றால் அதில் பாலியஸ்டரோ நைலானோ இருக்கிறது. இவை வியர்வையை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஈரம் தோலிலேயே தங்கும். அதன்மேல் இறுக்கமான இலாஸ்டிக் உராய்ந்தால் தோல் புண்ணாகும், பூஞ்சைக்கும் வசதியாகிவிடும்.

அடுத்த முறை லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். பருத்தி 95, ஸ்பான்டெக்ஸ் (இழுபடும் இழை) 5 என்றிருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஒரு நிறுவனத்தின் ‘எம்’ இன்னொன்றில் ‘எல்’ ஆக இருக்கும். அதனால் இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தை டேப்பால் அளந்து, சென்டிமீட்டர் பார்த்து வாங்குங்கள். இலாஸ்டிக்கைத் துணி மூடியிருப்பது நல்லது.

நல்ல பருத்தியும் ஈரமாகவே இருந்தால் பயனில்லை. ஹாஸ்டலில் இருந்த நாட்களில் நானும் ஜட்டியைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போட்டேன். காலையில் தொட்டால் சில்லென்றிருக்கும். அதையே அணிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சோப்பு போக நன்றாக அலசி, வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள். கைப்பையில் ஒன்று கூடுதலாக வைத்திருந்து மதியம் மாற்றிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு களிம்பு வாங்காதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. படர்தாமரையாக இருந்தால் நாலு நாள் அரிப்பு அடங்கும், பிறகு முன்னைவிட அதிகமாகப் பரவும். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். தயிர்போல வெள்ளைப்படுதலோ துர்நாற்றமோ இருந்தால் மகளிர் மருத்துவரிடம் போங்கள். ஜட்டியை மாற்றினால் மட்டும் அது போகாது.

பணத்தையும் விட வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. உள்ளாடைக்கு அதில் விலக்கு இல்லை. ‘காட்டன்’ என்று போட்டிருக்கும் பக்கத்தையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ஆறில் இன்னும் அணியாதவை இருந்தால் துவைக்காமல், பாக்கெட்டோடு அப்படியே வைத்திருங்கள்.