பூனைக்கு என்ன நோயென்றே தெரியவில்லை, ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. எட்டு மாதப் பூனை, மூன்று வாரமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது, ஆன்டிபயாட்டிக்கை மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை, ஆனாலும் ஸ்பெஷலிஸ்ட் என்று வாயெடுத்தால் பார்க்கிற டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறீர்கள். வெளிநாட்டுக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் பலருக்கும் இருக்கிற தயக்கம்தான் இது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை இங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. செலவு அதிகம் என்பதால் தாங்களாகச் சொல்லத் தயங்கி, நாம் கேட்கட்டும் என்று இருக்கிற டாக்டர்களும் உண்டு.

பெரும்பாலும் நேரே போக முடியாது, உங்கள் டாக்டர்தான் கடிதம் எழுத வேண்டும். உள்ளுறுப்பு நோய்களைப் பார்க்கும் 'இன்டர்னல் மெடிசின்' பிரிவுக்கு என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, எந்த மருந்தை எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தச் சின்ன உடம்பில் மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல், எடை குறைவு, ரத்தப் புரதங்களில் குளோபுலின் ஏறி ஆல்புமின் இறங்குவது, இதெல்லாம் சேர்ந்தால் எஃப்ஐபி (ஃபீலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிடோனைட்டிஸ்) என்ற நோயைச் சந்தேகிப்பார்கள். பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி வருவது அது, இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளைத்தான் அதிகம் பிடிக்கும். முன்பெல்லாம் வந்தால் பிழைப்பதே அபூர்வம். 2019-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 12 வாரம் கொடுத்துப் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிக் காட்டியது, அதற்கப்புறம் நிலைமையே மாறிவிட்டது. உங்கள் பூனைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஈரல் ரத்தக்குழாய்க் கோளாறாகவோ டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றாகவோகூட இருக்கலாம். ஆனால் எதுவென்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் போவதற்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் இப்போது எடுத்தும் இந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள், அதனால் டாக்டரிடமே எழுத்தில் மதிப்பீடு கேட்டு, இவ்வளவுதான் முடியும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். எந்த டெஸ்ட் முதலில் என்று அதற்கேற்ப வரிசைப்படுத்துவார்கள்.

அதுவரை தினமும் எடை பாருங்கள். காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமாலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பூனையைக் கொன்றுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.