ரேஸிங் சைக்கிளை யாரிடம் கொடுப்பது? வன்னியில் நல்ல கை தேடுவோருக்கு

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். ஜெர்மனியில் உள்ள மாமா போன வருடம் வந்தபோது பின்னுக்கு 11 கியர் உள்ள ரேஸிங் சைக்கிள் ஒன்று கொண்டு வந்து தந்தார். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிறேக், 28 மில்லிமீற்றர் ரயர். கிழமை நாட்களில் இரணைமடுப் பக்கமும், சனி ஞாயிறில் ஏ9 வழியாக மாங்குளம் வரையும் ஓடுகிறேன். இப்போது பின்சில்லு நெளிகிறது. கியரும் சரியாக விழுவதில்லை. ஊர்க் கடையில் கொடுத்தால் சுத்தியலால் தட்டிக் கெடுத்து விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகத்தான் வேண்டுமா?

பதில்: தேவையில்லை. உங்கள் பின்சில்லின் நெளிவைக் கிளிநொச்சியிலோ பரந்தனிலோ எடுக்கலாம், அதுவும் நன்றாகவே எடுக்கலாம். ஆனால் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் முடித்துத் தரும் கடைதான் வேண்டுமென்று தேடினால் வன்னியில் ஏமாற்றம்தான் மிஞ்சும். நானென்றால் கடையின் பெயர்ப்பலகையைப் பார்க்க மாட்டேன், வேலை செய்கிறவரின் கையைத்தான் பார்ப்பேன். எந்த வேலையை அவரிடம் கொடுப்பது, எதை நீங்களே செய்வது, எதற்கு வெளியூர் போவது என்று பிரித்துக்கொண்டால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

சுத்தியல் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய பெரிய சைக்கிள்களில் மிதிகட்டையின் கையான கிராங்கைப் பிடித்திருப்பது கொட்டர் பின் என்ற ஆப்பு ஆணி. அதை ஊர்க் கடைகளில் சுத்தியலால் தட்டித்தான் கழற்றுவார்கள். அந்தச் சைக்கிளிலேயே தொழில் பழகியவர் சுத்தியலை எடுப்பது இயல்பு. உங்கள் சைக்கிளில் கொட்டர் பின்னே கிடையாது. அங்கே தட்டினால் உள்ளே இருக்கும் பெயரிங் போய்விடும். ஆகவே பயம் நியாயமானது. ஆனால் அதை வைத்து அந்த மனிதரை ஒதுக்கிவிடாதீர்கள்.

வன்னியில் ஐம்பது வயதைத் தாண்டிய சைக்கிள் திருத்துநர்கள் சிலரின் கைத்திறன் இன்று புதிதாக உருவாக்க முடியாதது. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் இங்கே பெற்றோல் என்பது கைக்கெட்டாத பொருள். ஆளும் சுமையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். ரேடியோ கேட்கக்கூடச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம் அது. புதுப் பாகம் வாங்கி மாட்டும் வசதி இல்லாததால், தேய்ந்ததைச் சரிசெய்து திரும்ப ஓட வைப்பதே தொழிலாக இருந்தது. அப்படிப் பழகிய ஒருவருக்கு சில்லும் குண்டும் கிறீஸும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது நாடு முழுக்கச் சைக்கிளுக்குக் கிராக்கி கூடியது. அதன் பிறகு முன்பக்கம் பளபளவென்று சைக்கிள்களை அடுக்கி விற்பனை செய்ய வந்தவர்களும் உண்டு. விற்பது ஒரு தொழில், திருத்துவது இன்னொரு தொழில். அடுக்கி வைத்திருக்கும் சைக்கிளின் விலையைப் பார்த்துத் திருத்துநரின் தரத்தை முடிவு செய்ய வேண்டாம்.

சரி, அவரை எங்கே தேடுவது? சைக்கிள் ஓடாவிட்டால் வேலை கெட்டுவிடும் என்று இருப்பவர்களைக் கேளுங்கள். வீடு வீடாகப் பால் எடுப்பவர், தூரத்துக் கிராமத்தில் இருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் அனுப்பும் பெற்றோர், இவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் சைக்கிளை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பாடசாலை விளையாட்டு ஆசிரியரையும் கேளுங்கள். போட்டிக்கு ஓடுகிற பிள்ளைக்குச் சைக்கிளில் சின்னச் சத்தம் வந்தாலும் தூக்கம் வராது. அந்தப் பிள்ளைகள் நம்பும் ஆளை நீங்களும் நம்பிப் பார்க்கலாம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் முதல் வேலையாகச் சில்லை மட்டும் கொடுங்கள். சில்லு நெளிவு எடுப்பதைப் போல ஒருவரின் கையைக் காட்டிக் கொடுக்கும் வேலை சைக்கிளில் வேறு இல்லை. பக்கத்தில் நின்று பாருங்கள். நல்லவர் உடனே நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகை, திருக மாட்டார். முதலில் சில்லைச் சுற்றி விட்டு ஒரு சோக்கட்டியையோ விரலையோ ரிம்மின் ஓரத்தில் பிடித்து எங்கே நெளிகிறது என்று பார்ப்பார். பிறகு கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமத்துவார், அல்லது விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. பின்சில்லில் பற்சில்லுப் பக்கத்துக் கம்பிகள் மற்றப் பக்கத்தை விட இறுக்கமாகத்தான் இருக்கும், அதைப் பிழையென்று நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை நீங்கள் அவருக்குப் பணிவாகச் சொல்ல வேண்டும். பழைய ரலி வகைச் சைக்கிளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பிகள். உங்களுடையதை எண்ணிப் பாருங்கள், 24 அல்லது 28 தான் இருக்கும். கம்பி குறைந்தால் ஒவ்வொன்றும் தாங்கும் பாரம் கூடும். ஒரு நிப்பிளை அரைச் சுற்றுத் திருகினாலே ரிம் நன்றாக இழுபடும். “அண்ணை, இதில கம்பி குறைவு, கால் சுற்றுக் கால் சுற்றாய்த் திருகினால் போதும்” என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர் உடனே பிடித்துக்கொள்வார். நிப்பிளின் அளவுக்குச் சரியான சாவி அவரிடம் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். பெரிய சாவி அலுமினிய நிப்பிளின் மூலைகளை வழித்துவிடும். அந்தச் சாவி சின்னது, விலையும் பெரிதில்லை, நீங்களே ஒன்று வாங்கி வைத்திருங்கள்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்வார். பரவாயில்லை. ஆனால் சில்லைக் கழற்றியிருக்கும்போது யாரும் பிறேக்கைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் பிறேக் கட்டைகள் இரண்டும் நெருங்கி டிஸ்க் திரும்ப உள்ளே போகாது. இடையில் மடித்த மட்டை ஒன்றைச் செருகி விடுங்கள். கிறீஸ் கையால் டிஸ்க்கைத் தொட விடாதீர்கள். நிமிர்த்திய பிறகு வீதியில் ஏற முதல் பிறேக்கைப் பல தரம் அமத்திப் பாருங்கள். கவிழ்ந்திருந்தபோது எண்ணெய்க்குள் காற்று நகர்ந்திருந்தால் பிடி மென்மையாக இருக்கும்.

வேலையின் தரம் அன்றைக்கே தெரியாது. அடுத்த சனி மாங்குளம் போய் வந்த பிறகு திரும்பச் சுற்றிப் பாருங்கள். போக வர ஏறத்தாழ 60 கிலோமீற்றர், ஒரு சோதனைக்குப் போதும். நேராகவே நின்றால் உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டார். கொஞ்சம் நெளிந்திருந்தால் திரும்பக் கொண்டுபோங்கள். அப்போது முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்க்கிறாரா என்பதும் சோதனையில் ஒரு பகுதிதான்.

நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கும் அடையாளம் இன்னொன்று. “இது எனக்குப் பழக்கமில்லைத் தம்பி” என்று சொல்லக்கூடியவர். பிறேக் எண்ணெய் மாற்றத் தெரியுமா, கிராங்கை எப்படிக் கழற்றுவீர்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் “செய்யலாம், விட்டிட்டுப் போங்கோ” என்பவரை விட, ஒன்றிரண்டுக்காவது தலையாட்டி மறுப்பவரிடம் சைக்கிளை நிம்மதியாக விடலாம்.

எந்த வேலையை ஊரில் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். முதலாவது பிறேக் எண்ணெய். ஷிமானோ பிறேக்குக்கு மினரல் எண்ணெய்தான் விட வேண்டும். மோட்டார் சைக்கிள் கடையில் கிடைப்பது டொட் (DOT) என்ற வேறு வகைப் பிறேக் எண்ணெய். அதை விட்டால் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிப் பிறேக்கே போய்விடும். ஸ்ராம் பிறேக்குகளில் பலவற்றுக்கு டொட் தான் வேண்டும், அதற்கு மினரல் எண்ணெய் விடுவதும் அதே அளவு கேடு. எது என்று பெரும்பாலும் பிறேக் பிடியிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது செயின். பழைய செயினில் ஆணியைத் தட்டி வெளியே எடுத்து அதையே திரும்ப அடித்து விடுவார்கள், அது தாங்கும். 11 கியர் செயினின் ஆணியை அப்படித் திரும்பப் பாவித்தால் மிதிக்கும்போது அறுந்துவிடும். 11 கியருக்கென்று வரும் பூட்டு இணைப்பு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். மூன்றாவது ஹான்டிலையும் சீற்றையும் பிடிக்கும் ஆணிகள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 10 சென்றிமீற்றர் சாவியின் நுனியில் ஏறத்தாழ 5 கிலோ பாரத்தை வைத்த அளவுதான் அது. வேலைக்குப் பழகிய கைக்கு அது ஒன்றுமேயில்லை, அதனால்தான் இறுக்கி உடைந்துவிடுகிறது. காபன் பாகமென்றால் வெடிப்பு வெளியே தெரியாமலும் இருக்கும். அளவு காட்டும் சாவி ஒன்று வாங்கி இந்த ஆணிகளை நீங்களே இறுக்குங்கள்.

ரயர் வாங்கும்போது “28 இஞ்சி” என்று மட்டும் கேட்காதீர்கள். ஊர்க் கடையில் அந்தப் பெயரில் எடுத்துத் தருவது பெரிய சைக்கிளின் 28 x 1½, அதன் ரிம் அளவு 635 மில்லிமீற்றர். உங்களுடையது 622. பக்கத்தில் 28-622 என்று எழுதியிருக்கும், அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். வால்வும் வேறு. உங்கள் ரியூபின் வால்வு மெல்லிய பிரெஸ்ரா வகை. மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கொம்பிரஸர் வாய் அதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை மாற்றி ஒன்றைச் சாவிக் கோர்வையில் கொழுவி வைத்தால் ஏ9 இல் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம், மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். தடித்த வால்வு உள்ள ரியூப் போடுவதற்காக ரிம்மின் துளையைப் பெரிதாக்க யாராவது கேட்டால் விட வேண்டாம். வன்னி வீதியோரம் நெருஞ்சி முள்ளுக்குப் பஞ்சமில்லை, இரண்டு ரியூபாவது கூடவே கொண்டு போங்கள்.

யாழ்ப்பாணமும் கொழும்பும் வருடத்துக்கு ஒரு முறை போதும். பிறேக் எண்ணெய், கிராங் பெயரிங், இரண்டையும் அங்கே செய்விக்கலாம். மாரி முடிந்த கையோடு போவது நல்லது, மழைநீர் எங்கெங்கே இறங்கியிருக்கிறது என்று அப்போது தெரியும். சைக்கிள் சட்டத்தில் வெடிப்பு என்று சந்தேகம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் போங்கள். பாகங்களுக்குக் கொழும்பு டாம் வீதிப் பக்கம் கடைகள் நிறைய, அங்கிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டு எடுக்கலாம். மாமா அடுத்த முறை வரும்போது செயின், பிறேக் கட்டை, அளவான கம்பி நாலைந்து, செயினைப் பற்சில்லுகளுக்கு மாற்றும் பின் கியர்க் கையைச் சட்டத்தோடு பிடிக்கும் ஹாங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு, இவற்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஹாங்கர் சட்டத்துக்குச் சட்டம் வேறு. உங்கள் சைக்கிளின் மொடல் பெயரைச் சரியாக எழுதி அனுப்ப வேண்டும்.

ஊர்த் திருத்துநருக்கு நியாயமான கூலி கொடுங்கள். லுமாலா போன்ற சாதாரண சைக்கிளின் சில்லுக்கு வாங்கும் காசையே உங்களிடமும் கேட்டால் கூட்டிக் கொடுங்கள், அவர் செலவழித்த நேரம் அதிகம். பள்ளிக்கூடம் தொடங்கும் கிழமையில் போகாதீர்கள், பிள்ளைகளின் சைக்கிள் குவிந்திருக்கும். காலபோக அறுவடை நேரத்தில் அவரே வயலில் நிற்கவும் கூடும். சைக்கிளைத் துடைத்துக் கொண்டு போங்கள். செயினுக்கு எண்ணெய் விடுவதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணெய் விட்டால் கிரவல் தூசி முழுவதும் அதில் ஒட்டிப் பற்சில்லைத் தின்றுவிடும். மெல்லிய எண்ணெய் விட்டு வெளியே உள்ளதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். 12 இஞ்சி அடிமட்டத்தை ஆணி நடுவில் வைத்து அளந்தால் 12 முழு இணைப்பு சரியாக 12 இஞ்சி வரும். 1/16 இஞ்சி கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள், பற்சில்லு தப்பும்.

இனி உங்கள் கியர். பின்னால் குந்தியிருந்து பாருங்கள். கியர்க் கையில் உள்ள இரண்டு சின்னச் சில்லுகளும் பற்சில்லோடு ஒரே நேரில் நிற்க வேண்டும். நேராக இருந்தால் கேபிள்தான் காரணம். உறைக்குள் தூசி போயிருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். பெரிய பற்சில்லுக்கு ஏற மறுத்தால், கேபிள் போய்ச் சேரும் இடத்தில் உள்ள திருகியை வெளிப்பக்கமாகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள். சரிவராவிட்டால் கேபிளையும் உறையையும் மாற்றலாம், அதை ஊரிலேயே செய்வார்கள். சின்னச் சில்லுகள் உள்ளே சரிந்து நின்றால் ஹாங்கர் வளைந்திருக்கிறது. கையால் வளைத்து நேராக்க விடாதீர்கள், புதியது வரும்வரை காத்திருங்கள். அதுவரை பெரிய பற்சில்லுகள் இரண்டுக்கும் கியரைப் போடாமல் ஓடுங்கள். சரிந்த கை அந்தப் பக்கம் போனால்தான் சில்லுக் கம்பிக்குள் சிக்கும்.