ஸ்டேஷன் ரைட்டரிடம் கேளுங்கள்: சி.எஸ்.ஆர். முதல் சிசிடிவி வரை

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பெரும்பகுதி, ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் ரைட்டர் மேசையில்தான் கழிந்தது. பொதுமக்கள் ஸ்டேஷனில் முதலில் பார்ப்பது பாரா நிற்கும் காவலரை. அதற்கப்புறம் அவர்கள் தலையெழுத்து ரைட்டர் கையில். அதனால் கேள்விகளுக்கு அந்த மேசையிலிருந்தே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த பைக் திருடு போய்விட்டது. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "தேடிப் பார்ப்போம், கிடைக்கலேன்னா எஃப்.ஐ.ஆர். போடலாம்" என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. என்ன செய்வது?

இந்த ஒரு கேள்வியே பல பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஆச்சரியமில்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அது துறை வைத்துக்கொண்ட பதிவேடு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் குற்ற எண் விழும், நகல் கோர்ட்டுக்குப் போகும், அந்த வழக்கை முடிக்கும் வரை யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் "உங்க லிமிட்ல இத்தனை திருட்டா?" என்று எஸ்.பி. கேட்பார். சி.எஸ்.ஆரில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உண்மையான காரணம் இதுதான். உங்கள் மேல் கோபமோ பகையோ கிடையாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-ல் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அதற்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் எஃப்.ஐ.ஆருக்கு 173-வது பிரிவு. மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதி வாங்கி 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று புதிதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் போகிறோம் என்றால் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். "பார்ப்போம்" என்பது முதற்கட்ட விசாரணை ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது: அதே புகாரை, சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் கமிஷனருக்கு. ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அதிலும் நகரவில்லை என்றால் அதே சட்டத்தின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், ஆனால் எஸ்.பி.க்கு எழுதியதற்கு ஆதாரமும் பிரமாணப் பத்திரமும் இல்லாமல் அங்கே மனு நிற்காது. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. எஸ்.பி. ஆபீஸிலிருந்து தபால் ஸ்டேஷனுக்கு இறங்கி வந்தாலே ரைட்டர் உங்களுக்குப் போன் போடுவார். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பேப்பர் செலவு, ஜெராக்ஸ் செலவு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பைக் கடைசிவரை கிடைக்காவிட்டால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு சான்றும் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் கேட்பார்கள்.

கேள்வி: பஸ்ஸில் வரும்போது நகை போனது. எந்த ஊர் எல்லையில் போனது என்றே தெரியவில்லை. ஒரு ஸ்டேஷன் இன்னொரு ஸ்டேஷனைக் கை காட்டுகிறது.

எல்லைத் தகராறு பொதுமக்கள் தலையில் விழவே கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று அதே 173-வது பிரிவு சொல்கிறது. பூஜ்ய எண் போட்டு எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிக்கொள்வார்கள். மின்னஞ்சல் வழியாகவும் புகார் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதை மறந்துவிட்டு "நான்தான் அனுப்பினேனே" என்று நிற்பவர்கள் நிறைய.

கேள்வி: என் தங்கையைக் கணவர் வீட்டில் அடிக்கிறார்கள். பக்கத்து ஸ்டேஷனில் "மகளிர் ஸ்டேஷனுக்குப் போம்மா" என்கிறார்கள், அங்கே போனால் மூன்று தடவையும் கவுன்சலிங்தான்.

அம்மா, தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-ல் தொடங்கியது. ஆண் போலீசிடம் சொல்லத் தயங்கும் பெண்கள் தைரியமாக வந்து பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நல்ல காரியம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அதைக் காட்டி மற்ற ஸ்டேஷன்கள் கை கழுவுவது தவறு. சாதாரண ஸ்டேஷனும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கவுன்சலிங் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கணவன் மனைவிக்குள் சிறு மனஸ்தாபம் என்றால் உட்கார வைத்துப் பேசலாம். உடம்பில் காயம் இருக்கும்போது சமாதானம் பேசுவது அடித்தவனுக்கு அவகாசம் கொடுக்கிற வேலை. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். யார் அடித்தது என்று டாக்டரிடம் பெயரோடு சொல்ல வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். பெண்கள் உதவி எண் 181-க்கும் கூப்பிடலாம். பாலியல் குற்றப் புகாரில் எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் அந்த அதிகாரிக்கே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 199-ன்படி ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன டீக்கடை வைத்திருக்கிறேன். யாரோ க்யூஆர் கோடில் 400 ரூபாய் அனுப்பினதுக்காக என் முழு அக்கவுண்டையும் முடக்கிவிட்டார்கள். பேங்கில் கேட்டால் வேறு மாநில சைபர் போலீஸ் என்கிறார்கள். நான் என்ன குற்றம் செய்தேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. எங்கேயோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் பல அக்கவுண்டுகள் வழியாக ஓடி, கடைசியில் ஒருவன் உங்கள் கடையில் டீயும் பன்னும் சாப்பிட்டிருக்கிறான். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்தவுடன் பணம் போன பாதை முழுக்க முடக்கச் சொல்லிப் பேங்குகளுக்குத் தகவல் போகும். அந்த வேகம் தேவைதான், பணம் மீட்பதெல்லாம் முதல் சில மணி நேரத்தில்தான் சாத்தியம். கோளாறு எங்கே என்றால், 400 ரூபாயை மட்டும் பிடித்து வைப்பதற்குப் பதிலாக அக்கவுண்டையே பூட்டுவதில்.

பேங்கில் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த ஸ்டேஷன், எவ்வளவு தொகை. பிறகு அந்த ஸ்டேஷனுக்குக் கடையின் லைசென்ஸ், அன்றைய விற்பனைக் கணக்கு ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கக் கேளுங்கள். ஒரு நகல் பேங்க் மேனேஜருக்கு. அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 503-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். இதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டமுடியாது என்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். புரோக்கர் யாராவது "அக்கவுண்ட் ரிலீஸ் பண்ணித் தர்றேன்" என்று வந்தால் கிட்டச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரருக்கும் எனக்கும் அட்வான்ஸ் தகராறு. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான், ஸ்டேஷனுக்கு இல்லை. அடிதடி, மிரட்டல், பூட்டு உடைப்பு என்று ஏதாவது நடந்தால் மட்டும்தான் அது போலீஸ் வேலை. மரியாதையாக, "சார், இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம், ரெண்டு பேரையும் அமைதியா இருக்கச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லுங்கள். இதைக் கட்டப்பஞ்சாயத்து என்று சொன்னால் சில அதிகாரிகளுக்குக் கோபம் வரும். ஆனால் அதற்குப் பெயர் அதுதான்.

கேள்வி: "விசாரணைக்கு வா" என்று போனில் கூப்பிடுகிறார்கள். எதற்கு என்றும் சொல்வதில்லை. போக வேண்டுமா?

எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். சாட்சியாகக் கூப்பிட்டால் பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் 35(3). இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. சாட்சியாக என்றால் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். 35(3) நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கை கழுவ முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் முறைப்படி வந்தால் தவறாமல் போய்விடுங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். வக்கீலோடு போவதில் தப்பில்லை, பாதி ஸ்டேஷன்களில் நடத்தும் தோரணையே மாறிவிடும்.

வீடியோ காலில் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒருவன் சொன்னால், அவன் திருடன். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை.

கேள்வி: சாத்தான்குளத்துக்கு அப்புறமும் திருப்புவனம் நடக்கிறது. நீங்கள் சொல்கிற சட்டமெல்லாம் ஸ்டேஷன் சுவருக்குள் செல்லுமா?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தகப்பனையும் மகனையும் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அங்கே கண்டது என்ன? சிசிடிவி இருந்தது, பதிவு வைக்க ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் தினமும் தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. உண்மையைச் சொன்னது யார் தெரியுமா? அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு. உடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே ரகம் என்று பேசுபவர்கள் அந்த அம்மாவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே 2020 டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, பின்புறம் வரை ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் இளைஞர் இறந்தது எங்கே வைத்து விசாரித்தபோது? ஸ்டேஷனில் அல்ல, போலீஸ் ஸ்பெஷல் டீம் வெளியே கொண்டுபோய் அடித்திருக்கிறது. கேமரா வந்ததும் அடி கேமரா இல்லாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. என் அனுபவத்தில் சொல்கிறேன்: "ரெண்டு தட்டுத் தட்டினா உண்மை வந்துடும்" என்ற நம்பிக்கை மேலதிகாரியிடம் இருக்கும்வரை எந்தக் கேமராவும் போதாது. அடித்து வாங்கின வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லித் தருவதுதான்.

உங்கள் வீட்டில் யாரையாவது கொண்டுபோனால் உடனே செய்ய வேண்டியவை: கொண்டுபோன நேரம், வண்டி எண், வந்தவர்கள் அடையாளம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எஸ்.பி. அலுவலகத்துக்கும் 112-க்கும் தகவல் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனையில் காயங்களை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லச் சொல்லுங்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது பயம் வரும், அது புரிகிறது. "தனியா பேசணும் ஐயா" என்று கேட்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும்.

கேள்வி: முன்பு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்று பையன்கள் ஸ்டேஷனோடு சுற்றுவார்களே, அது நல்லதா கெட்டதா?

1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. மக்களுக்கும் போலீசுக்கும் நடுவே இடைவெளி குறையட்டும் என்ற எண்ணம் சரி. நடைமுறையில் பல இடங்களில் லத்தி பிடிக்கிற ஆசையுள்ள பையன்கள் வந்து சேர்ந்தார்கள். பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவன் கையில் அதிகாரத்தின் நிழல் கூடக் கொடுக்கக் கூடாது. சாத்தான்குளத்துக்குப் பின் 2020 ஜூலையில் அரசு தடை செய்தது. எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: என் கணவர் ஏட்டு. வார விடுப்பு அரசாணை வந்தும் மாதத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. இதையும் எழுதுங்கள் சார்.

எழுதுகிறேன் தங்கச்சி. இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் விடுப்பு என்று 2021-ல் அரசாணை வந்தது. காகிதத்தில் விடுப்பு போட்டுவிட்டு, அன்றே பந்தோபஸ்துக்குக் கூப்பிடுவார்கள். திருவிழா, வி.ஐ.பி. வருகை, கட்சி மாநாடு எல்லாமே அதே ஆட்களை வைத்துத்தான். மேலே உள்ள கேள்விகளில் பாதி, தூக்கமில்லாதவன் எரிந்து விழுவதில் தொடங்குகிறது. அடிப்பதற்கு அது சாக்கு ஆகாது. ஆனால் புகார் கொடுக்க வந்தவரிடம் "நாளைக்கு வா" என்பதற்கு அது காரணம்தான். உங்கள் கணவர் எந்தெந்த விடுப்பு நாளில் டூட்டி பார்த்தார் என்பதை நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மிகை நேரப் பணப் பட்டியல் போடும்போது வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

இனி சின்னக் கேள்விகள்.

*செக்கிங்கில் லைசென்ஸ் போனில் காட்டினால் போதுமா?* டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் ஆப்பில் இருந்தால் போதும். கேலரியில் எடுத்து வைத்த போட்டோ போதாது.

*போன் தொலைந்துவிட்டது.* காவல்துறை இணையதளத்திலேயே புகார் பதியலாம். அந்த நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள். சிம்மை அதற்கு முன்பே முடக்க வேண்டும், யூபிஐ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

*நள்ளிரவில் கோயில் ஸ்பீக்கர்.* இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. 100-க்கு அழையுங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

*மேலே ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, பாஸ்போர்ட் கிடைக்குமா?* குற்றப்பத்திரிகை தாக்கலாகிக் கோர்ட் கோப்பில் எடுத்திருந்தால், அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கிக் கொடுத்தால் கிடைக்கும். வெறும் எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே இருந்தால் அதைக் கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்காகக் கருத முடியாது. எப்படியானாலும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். விசாரணைக்கு வரும் காவலர் கணினியில் குற்ற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வீட்டு மணியை அடிப்பார்.