மாமாவுக்கு அழாதவள் தீபாவுக்கு ஏன் அழுதேன்?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். வயது 44. கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் விவசாயம். மகன் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறான்.

எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பார்ப்பது உயிர். நானாக ஒரு குட்டிக்கரணம்கூடப் போட்டதில்லை, அந்த ஆசையும் கிடையாது. பார்ப்பதுதான் பிடிக்கும். உலக சாம்பியன்ஷிப் எப்போது, யாருக்கு முழங்கால் அடிபட்டிருக்கிறது, யார் புது வால்ட் (ஓடி வந்து மேசைமேல் கை ஊன்றித் தாண்டுவது) பழகுகிறாள் என்று எல்லாம் தெரியும். பேசத்தான் எங்கள் ஊரில் ஆளில்லை.

ஆரம்பித்தது 2016 ரியோ ஒலிம்பிக்ஸில். ஆகஸ்ட் 14, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வால்ட் ஃபைனல். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். என் மாமனார் மட்டும், "நம்ம நாட்டுப் பொண்ணு தாண்டப் போவுதாமே" என்று முழித்திருந்தார். தீபா கர்மாகர், காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் அடித்து இறங்கும் புரொடுனோவா என்ற வால்ட்டைப் போட்டு, கிட்டத்தட்ட உட்கார்ந்தாற்போல் இறங்கி, எழுந்து நின்றார். 15.066. நாலாவது இடம். வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216. "நூலிழையில போச்சேம்மா" என்று மாமா அன்றைக்குத் தூங்கவே இல்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை கால் விளங்கவில்லை, பேச்சும் குழறியது. கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். ராத்திரி முழிப்பு இருக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு போனில் பழைய போட்டிகளைப் பார்ப்பேன். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது ஸ்கோர்போர்டில் 10.00 காட்ட வழியில்லாமல் 1.00 என்று வந்ததை மாமாவிடம் சொன்னேன். ஒரு பக்க வாயால் சிரித்தார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஒரே ஒரு வால்ட் தாண்டிவிட்டு, முடியவில்லை என்று டீம் ஃபைனலிலிருந்து விலகியதை எத்தனையோ ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

2024 ஆனி மாதம் மாமா தவறிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்ஸை நான் பார்க்கவே இல்லை, டிவி போடவே தோன்றவில்லை. அக்டோபர் 7 அன்று தீபா ஓய்வு பெறுவதாகச் செய்தி வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்கப்பா செத்தப்ப ஒன் கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. எவளோ ரிட்டையர் ஆனதுக்கு இந்த அழுகையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. இப்போது ஒளித்துத்தான் பார்க்கிறேன்.

நான் கல்நெஞ்சுக்காரியா? இது மனநோயா? ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். மற்றதைப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை நீங்களே கவனித்தீர்களா என்று தெரியவில்லை. தீபா தாண்டிய அந்த ராத்திரி உங்களோடு முழித்திருந்தது மாமா ஒருவர்தான். இத்தனை வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸைப் பற்றி நீங்கள் பேசிய ஒரே ஆளும் அவர்தான். அந்த 1.00 கதைக்கு வீட்டில் சிரித்தது அவர் மட்டும்தான். தீபா ஆடிக்கொண்டிருந்தவரை அந்த ராத்திரி முழுசாக முடிந்துபோகவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று அதுவும் முடிந்தது. அடுப்படியில் நீங்கள் அழுததில் மாமாவும் இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்படித் தள்ளி வரும் துக்கம் புதிதல்ல. 1942-இல் பாஸ்டன் நகரத்தில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்துப் பல நூறு பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் உறவினர்களைக் கவனித்த எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-இல் ஒரு கட்டுரை எழுதினார். முக்கியமான வேலைகளைத் தலையில் சுமந்துகொண்டு, மற்றவர்களுக்கும் தைரியம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குத் துக்கம் பல வாரம், சில சமயம் அதைவிடவும் தள்ளி வரும் என்று அதில் சொல்கிறார். டெல்டா கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் மருமகளுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். வந்தவர்களுக்குக் காபி, பந்தலுக்குப் பணம், யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, கருமாதிக்கு யாரைக் கூப்பிடவில்லை. அழ உட்கார உங்களுக்கு எங்கே நேரம் கிடைத்திருக்கும்? போதாததற்கு, வருஷக்கணக்காகப் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அழுது முடித்திருப்பார்கள். ஒப்பாரி வைத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் எல்லாக் கண்ணீரையும் மாமா கணக்கில் எழுதிவிட்டால் அது உங்களுக்குச் செய்யும் அநியாயம். தீபாவுக்காகவும்தான் அழுதீர்கள், அதில் தப்பே இல்லை. தட்டைப் பாதத்தோடு அகர்தலாவில் தொடங்கி, ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆனவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்து, ஓய்வு பெற்ற அதே 2024-இல் மே மாதம் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வாங்கியவர். அப்படி ஒருத்தரை இத்தனை வருஷம் பின்தொடர்ந்த மனசு அழாமல் என்ன செய்யும்? நம்மை அறியாத ஒருவரிடம் நாம் வைக்கும் பாசத்தை உளவியலில் 1950-களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். அது நோய் அல்ல. வீட்டில் இருப்பவர்களிடம் காட்ட வேண்டிய அன்பை அது தின்றுவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நீங்களோ பக்கத்தில் ஒருவரைத் தூக்கித் துடைத்துக்கொண்டே பார்த்தவர்.

அந்த ராத்திரிகளில் ஏன் குறிப்பாக இந்த விளையாட்டு? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பீம் என்கிற ஒடுக்கமான கட்டையில் ஏறும் பெண்ணுக்கு அதிகபட்சம் 90 விநாடி. இறங்கும்போது ஒரு சின்ன அடி தள்ளி வைத்தால் 0.1 போகும். விழுந்தால் ஒரு புள்ளி போகும், பத்து விநாடிக்குள் மறுபடி ஏறித் தொடரலாம். எது தப்பு, அதற்கு எவ்வளவு என்பது எழுதி வைத்திருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் வந்துவிடுகிறது. நீங்கள் செய்த வேலைக்கு முடிவும் தெரியாது, மதிப்பெண் போடவும் ஆள் கிடையாது. அசையாத காலைத் தூக்கி மடக்கி நீட்டிவிட்டு உட்காரும்போது, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும் ஒரு உடம்பைப் பார்ப்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய இளைப்பாறலாக இருந்திருக்கும்.

பைல்ஸை ஏன் அத்தனை ராத்திரி பார்த்தீர்கள் என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கும். அவருக்கு அந்தரத்தில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விட்டது. இரண்டரைத் திருப்பம் போட வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு இறங்கினார், முடியவில்லை என்று சொல்லிவிட்டார். உலகமே பார்க்கும்போது ஒரு பெண் அதைச் சொல்வதை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நீங்கள் ஒரு தடவையாவது சொன்னீர்களா? பாரிஸில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கியதை இன்னும் பார்க்காமல் வைத்திருக்கிறீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. பார்க்கும்போது கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஒளித்து வேண்டாம். இதெல்லாம் நம் ஊருக்கு ஒட்டாதது என்று யாராவது சொன்னால், சிதம்பரம் கோபுர வாசலில் செதுக்கியிருக்கும் 108 நாட்டியக் கரணங்களை ஒருமுறை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வளையும் உடம்பைப் பார்த்து வாய் பிளந்தவர்கள்தான் நாமும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தூக்கம் சரியாக வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சொசைட்டி வேலையில் மனம் நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, ஜிம்னாஸ்டிக்ஸ்கூட ருசிக்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவர் கேட்டது சுடும் கேள்விதான். ஆனால் அப்பாவைப் பறிகொடுத்த மனிதர் அவர். தன்னோடு சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கும். உங்கள் கண் காய்ந்திருந்ததை, அப்பாவை நீங்கள் மறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார். ரியோ ராத்திரி அவர் தூங்கிவிட்டார், "நூலிழையில போச்சேம்மா" என்று அவர் அப்பா சொன்னது அவருக்குத் தெரியாது. ஒரு பக்க வாயால் சிரித்ததும் தெரியாது. தீபாவையோ உங்கள் அழுகையையோ நியாயப்படுத்த வேண்டாம். ஒருநாள் சாயங்காலம், வயலிலிருந்து வந்து அவர் உட்கார்ந்திருக்கும்போது, அந்த இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் அவர் அப்பாவைப் பற்றி அவரைப் பேச விடுங்கள். அவர் அழுதால் கூடவே இருங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்