லினக்ஸில் கேம் ஓடுமா? சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தாலும் முடிந்தது, ஐந்து ரோட்டில் டீ குடிக்க நின்றால்கூட விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றி யாராவது கேட்கிறார்கள். வீட்டில் ஆறு வருடமாக அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்): அண்ணா, என்விடியா ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பழைய கணினி. மின்ட், கேம் இறக்கும் ஸ்டீம் இரண்டும் ஏற்றிவிட்டேன். பிளே அழுத்தினால் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

பதில்: தப்பு உன்மேல் இல்லை தம்பி. டிரைவர் மேனேஜரில் என்விடியா 470 டிரைவர் போட்டிருக்கிறாயா என்று முதலில் பார். போட்டும் ஓடவில்லை என்றால் காரணம் புரோட்டான். விண்டோஸ் கேம், படம் வரைய டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் மொழியில் கேட்பதை, லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றிக் கொடுப்பது அதுதான். ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-இல் வெளியிட்டது. இப்போதைய புரோட்டானுக்கு வல்கன் 1.3 வேண்டும். உன் கார்டுக்கு 470 வரிசையோடு டிரைவர் நின்றுவிட்டது, அது 1.2 வரைதான் போகும். ஸ்டீமில் கேமின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய்ப் புரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடு. பழைய கேம்கள் பல எழுந்துவிடும். புதுசுக்கு ஆசைப்படாதே.

கேள்வி (ஹஸ்தம்பட்டி): வேலரன்ட் என்ற ஆன்லைன் கேம் ஓடுமா?

பதில்: ஓடாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அதன் வான்கார்ட், விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே உட்காரும். ஆன்லைன் கேம் எதுவானாலும், லினக்ஸில் விடலாமா என்பது அதை உருவாக்கியவர் கையில். நண்பர்களோடு தினமும் வேலரன்ட் ஆடுகிறவர் என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.

கேள்வி (சூரமங்கலம்): விண்டோஸில் இறக்கிய கேம்கள் டி டிரைவில் 200 ஜிபி இருக்கின்றன. ஸ்டீம் அவற்றைக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை.

பதில்: இதில் நானே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் கோப்புகளை வைக்கும் முறை. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி டிரைவ் கட்டும். அதில் முக்காற்புள்ளி (:) சேர்ந்த பெயரில் கோப்பு வரும், விண்டோஸ் வகை டிரைவில் அந்தப் பெயர் தகராறு. போதாததற்கு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், அணைத்த பிறகும் அது டிரைவைப் பாதி பிடித்தே வைத்திருக்கும். லினக்ஸில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. கேம்களை லினக்ஸ் வகையான இஎக்ஸ்டி4 டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். மறுபடி இறக்க வேண்டாம், ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி (ஆத்தூர், ஆசிரியை): தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்தால் மெய்க்குப் புள்ளி தானாக விழவில்லையே?

பதில்: கீபோர்டு லேஅவுட் பட்டியலில் இருந்து எடுத்திருப்பீர்கள் டீச்சர். அது விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, அதற்கான எம்17என் தொகுப்பில் உள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். அப்புறம் அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வந்து நிற்கும்.

கேள்வி (குகை, கல்யாணப் பத்திரிகை அச்சகம்): விண்டோஸ் கோரல் டிராவில் பத்து வருட ஃபைல்கள். மாறலாமா?

பதில்: வேண்டாங்க. லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்தாலும் எழுத்து இடம் மாறும். முகூர்த்த நாள் நெருங்கும்போது இந்தச் சோதனை எதற்கு?

கேள்வி (ஏற்காடு, தங்கும் விடுதி): மழையில் கரண்ட் போனபோது அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது டெஸ்க்டாப் வரவில்லை.

பதில்: மலையில் இது சகஜம்தான். கணினி எழும்போது வரும் மெனுவில் அட்வான்ஸ்டு, ரெக்கவரி மோட் போங்கள். உடைந்த பேக்கேஜைச் சரிசெய்ய அங்கே ஒரு வரி இருக்கும். டிபிகேஜி என்று தொடங்கும். அரைகுறையாக நின்றதை அது முடித்துவைக்கும். எழுந்ததும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் ஒரு ஸ்னாப்ஷாட் (கணினியின் அப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். அடுத்த அப்டேட்டை வெயில் அடிக்கிற நாளில் போடுங்கள்.