எல்.சி. எண் வராமல் கம்பியில் கை வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இ.இ.இ. முடித்து மின்வாரியத்தில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. 110/11 கேவி சப்ஸ்டேஷனில் மணிக்கொரு முறை ரீடிங் எழுதுவதுதான் வேலை. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? – ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நிறைய இருக்கிறது. ஆனால் மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் கணக்கோடு உரசிப் பாருங்கள். பவர் டிரான்ஸ்பார்மர் 16 எம்விஏ என்றால் முழு லோடில் 11 கேவி பக்கம் சுமார் 840 ஆம்பியர், 110 கேவி பக்கம் 84. டிரான்ஸ்பார்மரிலிருந்து 11 கேவி பக்கம் வரும் இன்கமர் மீட்டர் 600 காட்டும்போது, அங்கிருந்து ஊர்களுக்குப் பிரிந்து போகும் லைன்களான எல்லா ஃபீடர்களின் ஆம்பியரையும் கூட்டுங்கள். பவர் ஃபேக்டர் வேறுபாட்டால் சிறிது ஏறலாம், மற்றபடி கிட்டத்தட்ட அதே எண் வரவேண்டும். ஐம்பது அறுபது ஆம்பியர் இடித்தால் ஏதோ ஒரு மீட்டரிலோ சி.டி. (மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்பக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வயரிங்கிலோ கோளாறு.

ஆயில் வெப்பநிலையும் அப்படித்தான். லோடும் வெயிலும் நேற்றுப் போலவே இருக்க, வெப்பநிலை மட்டும் எட்டுப் பத்து டிகிரி ஏறியிருந்தால் ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டர் வால்வு திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவது கீழிருந்து தொடங்கவேண்டும். காற்று அந்த வழியாகத்தானே உள்ளே போகிறது. மேலிருந்து நிறம் மாறினால் மேல் இணைப்பில் எங்கோ காற்றுக் கசிவு.

யாரும் எட்டிப் பார்க்காத இடம் பேட்டரி அறை. 110 வோல்ட் டி.சி. என்பது 2 வோல்ட் செல்கள் 55. ஒவ்வொரு செல்லிலும் வோல்டேஜ், அடர்த்தி, நீர்மட்டம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும். டி.சி. இல்லாவிட்டால் ஃபால்ட் வந்தாலும் பிரேக்கரின் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் காயில் இழுக்காது. லைன் அறுந்து கிடந்தாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: லைன் கிளியர் (எல்.சி.), அதாவது லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி என்று தினமும் கேட்கிறேன். ஃபீடரை ஆஃப் செய்வதற்கும் எல்.சி. கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? – ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: ஆஃப் செய்த ஃபீடரை யார் வேண்டுமானாலும் மறுபடி ஆன் செய்துவிடலாம். எல்.சி. கொடுத்த ஃபீடரை, அதை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்வரை எவரும் தொடக்கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான், லைன்மேன் வீடு திரும்புவது அதைப் பொறுத்துத்தான்.

சப்ஸ்டேஷனில் முதலில் பிரேக்கரைத் திறக்கவேண்டும், பிறகுதான் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி லைனைப் பிரிக்கும் ஐசொலேட்டர். வரிசை மாறவே கூடாது. ஐசொலேட்டருக்கு ஆர்க்கை அணைக்கும் வசதி கிடையாது; லோடோடு இழுத்தால் தீப்பிழம்பு இழுப்பவர் முகத்துக்கு நேரே வரும். உள்ளரங்க வி.சி.பி. (வாக்குவம் சர்க்யூட் பிரேக்கர்) என்றால் அது நிற்கும் டிராலியை வெளியே இழுத்துவிடவேண்டும். ஐசொலேட்டர் என்றால் மூன்று பிளேடுகளும் திறந்திருப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கைப்பிடி கீழே வந்துவிட்டதே என்று நம்பக்கூடாது, ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அடுத்து லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் சுவிட்ச் போட்டு, பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகையைத் தொங்கவிட்டு, நேரத்தோடு எல்.சி. எண்ணைப் பதிவேட்டில் எழுதித் தரவேண்டும். போனில் என்றால் வாங்குபவர் ஃபீடர் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொல்லவேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்ப் பெயர்களில் இரண்டு ஃபீடர் இருக்கும் சப்ஸ்டேஷனில் இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே புரியும்.

லைனில் வேலை தொடங்குமுன் கம்பத்தில் இருக்கும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்து, டெஸ்டரால் சோதித்து, டிஸ்சார்ஜ் ராடால் மீதி மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கி, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடவேண்டும். முதலில் தரைப்பக்க முனை, பிறகு கம்பி; கழற்றும்போது முதலில் கம்பி, கடைசியில் தரை. முதலில் கம்பியில் மாட்டினால், லைனில் சப்ளை இருக்கும் பட்சத்தில் மறுமுனை உங்கள் கையில்.

சப்ஸ்டேஷனில்தான் எர்த் போட்டாயிற்றே, இங்கே எதற்கு என்று கேட்பார்கள். ஒரு கடையில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்திருந்தால், அந்த 230 வோல்ட் டிஸ்ட்ரிபியூஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறும். 11 கேவி பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். நடுவில் ஏ.பி. சுவிட்ச் திறந்திருக்கும்போது சப்ஸ்டேஷன் எர்த் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றாது. மேலே குறுக்கே போகும் உயரழுத்த லைனின் தூண்டல், வேறு ஃபீடரோடு இருக்கும் இணைப்பு என்று இன்னும் வழிகள் உண்டு.

"பத்து மணிக்கு எப்படியும் கட் ஆகிவிடும், ஏறு" என்கிற பேச்சு மட்டும் காதில் விழுந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். கடிகாரம் எல்.சி. தராது. ஒரே ஃபீடரில் இரண்டு குழுக்கள் வேலை செய்தால் இரண்டு எல்.சி.; இரண்டும் திரும்பாமல் சார்ஜ் செய்யக்கூடாது, அதாவது லைனில் மின்சாரம் விடக்கூடாது. திருப்பித் தருமுன் ஆட்களையும் எர்த் ராடுகளையும் எண்ணவேண்டும்.

கேள்வி: ஆள் பற்றாக்குறை என்று என்னைக் கம்பம் ஏறச் சொன்னால்? – ஒரு வாசகர், தேனி

பதில்: மறுக்கலாம். 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. "எனக்குப் பழக்கமில்லை சார், கீழே நின்று எர்த் ராடு எடுத்துத் தருகிறேன்" என்று மரியாதையாகவே சொல்லுங்கள். பொறியாளரானபின் இந்த வேலைக்கு நீங்கள்தான் பொறுப்பேற்பீர்கள் என்பதால் அருகில் நின்று ஒவ்வொரு அசைவையும் பாருங்கள்.

கேள்வி: ஃபீடர் டிரிப் ஆனதும் (தானாகத் துண்டிக்கப்பட்டதும்) ஃபால்ட்டை உணரும் ரிலேயை ரீசெட் செய்து உடனே சார்ஜ் போடுகிறார்கள். சரியா? – ஒரு வாசகர், அரியலூர்

பதில்: முதலில் எழுதவேண்டும், பிறகுதான் ரீசெட். ரிலேயில் காரணம் காட்டும் எந்த ஃபிளாக் விழுந்தது, ஓவர் கரண்டா எர்த் ஃபால்ட்டா, எந்த ஃபேஸ், எத்தனை மணி. இதை அழித்துவிட்டால் லைன்மேன் இருட்டில் மொத்த ஃபீடரையும் நடந்து பார்க்கவேண்டியிருக்கும்.

11 கேவி ஃபீடரை ஒருமுறை சார்ஜ் செய்து பார்ப்பது நடைமுறை. கம்பி அறுந்ததாகத் தகவல் வந்திருந்தால் அதுவும் கூடாது. காய்ந்த மணலிலோ ஜல்லியிலோ விழுந்த கம்பியில் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும், ரிலே அதை உணராது. டிரிப் ஆகாமல் நின்றுவிட்டதே, லைன் சரியாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. டிரான்ஸ்பார்மரின் உள்கோளாறைக் காட்டும் புக்கோல்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் ரிலேயில் அது டிரிப் ஆனால் கதையே வேறு: சோதனைகள் முடித்து, பொறுப்பு அதிகாரி அனுமதித்த பிறகுதான் சார்ஜ்.

கேள்வி: சி.டி. செகண்டரியைத் திறக்கக்கூடாது என்கிறார்கள். 5 ஆம்பியர்தானே? – ஒரு வாசகி, கரூர்

பதில்: பிரைமரி மின்னோட்டம் லைனின் லோடைப் பொறுத்தது, செகண்டரி திறந்தாலும் அது குறையாது. எதிர்க்க செகண்டரி மின்னோட்டம் இல்லாததால் பிரைமரி முழுவதும் கோரைக் காந்தமாக்கவே போகிறது. கோர் செறிந்து, திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். இன்சுலேஷன் போகும், தொட்டவர் உயிரும் போகும். அதனால் மீட்டரைக் கழற்றுமுன் டெர்மினல் பிளாக்கில் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டு இறுக்கி, மீட்டரில் ஆம்பியர் சுழிக்கு வந்ததைப் பார்த்த பிறகே வயரில் கை வையுங்கள். வோல்டேஜை அளவிடக் குறைத்துத் தரும் பி.டி. (பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மர்) செகண்டரியில் இதே பழக்கத்தில் லிங்க் போட்டுவிடாதீர்கள், அங்கே ஷார்ட் செய்தால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் சரியில்லை என்றால் பி.டி.யே எரியும்.