ஒன்றுக்கு நூறு தரும் குதிரையை நம்பலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் வரும் கிராண்ட் நேஷனல் பந்தயத்துக்கு ஆபீஸில் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். ஒன்றுக்கு நூறு கொடுக்கும் குதிரைகள்கூட ஜெயித்திருக்கின்றனவாமே? அப்படி ஒன்றின் மேல் பத்து பவுண்டு கட்டலாமா?

பதில்: போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணம் என்றால் கட்டுங்கள். பழைய கதையை நம்பிக் கட்டாதீர்கள். லிவர்பூல் ஏன்ட்ரீ மைதானத்தில் 1839 முதல் நடக்கும், குதிரைகள் வேலிகளைத் தாண்டி ஓடும் இந்தப் பந்தயத்தில், ஒன்றுக்கு நூறு என்றிருந்த குதிரை ஜெயித்தது ஐந்தே முறை. அதில் பேர்போன இரண்டும் மற்ற குதிரைகள் விழுந்ததால் கிடைத்தவை.

1928இல் கிளம்பியவை 42. முதல் சுற்றில் கெனால் டர்ன் என்ற வேலியில் ஈஸ்டர் ஹீரோ என்ற குதிரை மாட்டிக்கொள்ள, பின்னால் வந்தவை முட்டி மோதி நின்றுவிட்டன. கடைசி வேலியில் மிச்சமிருந்த பில்லி பார்ட்டனும் விழ, ஒன்றுக்கு நூறு என்றிருந்த டிப்பரரி டிம் தனியாக ஓடி முடித்தது.

1967 இன்னும் வேடிக்கை. ஜாக்கியை உதறிவிட்டு ஓடிக்கொண்டிருந்த பாப்பம் டவுன், 23ஆவது வேலிக்கு முன்னால் குறுக்கே திரும்பியது. மைதானத்திலேயே குட்டையான வேலிகளில் ஒன்று அது. அங்கே குவியல் குவியலாகக் குதிரைகள், ஜாக்கிகள் தரையில். ரொம்பப் பின்தங்கி வந்த ஃபாய்னவானுக்கு அதுவே வசதியாகிவிட்டது. ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் நிலவரத்தைப் பார்த்து, ஒரு சந்து கண்டுபிடித்துத் தாண்டிப் போய்விட்டார். மற்றவர்கள் திரும்ப ஏறித் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. அந்த வேலிக்கு இன்று ஃபாய்னவான் என்றே பெயர்.

இப்போது அந்த வேலிகளே வேறு. 2013இல் உள்ளே இருந்த மரச்சட்டங்களை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் வைத்தார்கள். 2024இல் ஓடும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கையை 40லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். அந்த வருடம் ஒரு குதிரைகூட விழவில்லை. ஜெயித்தது, ஜெயிக்கும் என்று பலரும் எதிர்பார்த்த ஐ ஆம் மேக்ஸிமஸ். குதிரைகளுக்கு நல்லது, குருட்டு அதிர்ஷ்டத்துக்குக் கெட்டது!

அதற்காகப் பெரிய பெயரை மட்டும் பார்க்கவும் கூடாது. இது ஹாண்டிகேப் பந்தயம்: திறமையான குதிரைக்குச் சுமை கூட. சுமார் 6.9 கிலோமீட்டர், 30 தாண்டல்கள், கடைசி வேலிக்கு அப்புறம் ஏறக்குறைய 450 மீட்டர் ஓட்டம். 1973இல் வெகுதூரம் முன்னால் இருந்த கிரிஸ்ப், அந்தக் கடைசி நீட்டத்தில்தான் தள்ளாடி, 10 கிலோவுக்கு மேல் குறைவான சுமையோடு வந்த ரெட் ரம்மிடம் தோற்றது. அதனால், நீண்ட தூரப் பந்தயங்களில் கடைசிவரை தாங்கிய குதிரையா என்று முதலில் பாருங்கள். 2025இல் ஜெயித்த நிக் ராக்கெட் தந்தது ஒன்றுக்கு 33. அந்த அளவு வரை துணியலாம்.

பத்து பவுண்டையும் வெற்றிக்கே கட்டாமல், ‘ஈச் வே’ என்று ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு பாதி முதலிடத்துக்கு, மறு பாதி முன்னணி இடங்களில் ஒன்றுக்கு. எத்தனை இடம் வரை பணம் என்பது பந்தயம் கட்டும் கடைக்குக் கடை மாறும். கட்டும் முன் விசாரித்துவிடுங்கள்.